சனோபரின் மாத்திரைப் பை

சனோபர் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை அவள் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். அவளும் கோபப்படாமல் தலையாட்டியிருக்கிறாள். கரப்பான்பூச்சிக்குப் பயம், தெரு நாய்க்குப் பயம், மாமியார் மெஹரூன்னிசா கொஞ்சம் சத்தமாகத் தும்மினால் அதற்கும் பயம். பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிடுமோ என்று முன்னாலேயே எழுந்து படிக்கட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இப்படிப்பட்டவளைத்தான் சுனாமிக்குப் பிறகு குப்பத்து ஜனங்களுக்குத் தைரியம் சொல்ல அனுப்பினார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கூடவே கோபமும் வருகிறது.

அனுப்பியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். கடல் வந்துபோன அந்த வாரம் மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கடலோரத்து ஜனங்கள் தங்கியிருந்தார்கள். பள்ளிவாசல் ஆட்கள் சமைத்துப் போட்டார்கள். சனோபர் மாமியாரோடு சோறு பரிமாற வந்தாள். மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருக்க, இவள் மட்டும் இலையையே வெறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லப் பயம். தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் சோற்றில் கை வைத்தாள். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த தொண்டு நிறுவனத்து ஆட்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள், உள்ளூர்க்காரி, இது போதாதா? ஷார்ஜாவில் இருந்த புருஷன் முஜீப் ரஹ்மான் போனில், "நல்ல காரியம், போ" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கென்ன!

நானும் அப்போது சேர்ந்தவள்தான். என் பெயர் அமுதவல்லி. அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். மரக்காணத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் என் பொறுப்பு. அனுமந்தைக் குப்பம் சனோபர் பொறுப்பு. மாதத்துக்கு ஒரு முறை மனநல டாக்டர் முகாமுக்கு வருவார், பார்ப்பார், மாத்திரை எழுதுவார், அடுத்த ஊர் முகாமுக்கு ஓடுவார். பாவம், இருந்தவர் அவர் ஒருவர்தான், அவர் போக வேண்டிய கடற்கரையோ நீளம். மற்ற நாளெல்லாம் அந்த ஜனங்களுக்கு நாங்கள்தான். வீடு வீடாகப் போய், தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை இடையில் புகாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். "அழாதீங்க" என்று சொல்லக் கூடாது. இதெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டுக்கொண்டதை எல்லாம் நாங்கள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

சனிக்கிழமைதோறும் கூட்டம் நடக்கும். எங்களுக்கு மேலே இருந்த சாலமன் சார், மனநல நர்ஸாக இருந்தவர், புதுச்சேரியிலிருந்து பைக்கில் வருவார். இந்தம்மா எப்படி இருக்காங்க, அந்தப் பையன் எப்படி இருக்கான் என்று ஒருவர் விடாமல் விசாரிப்பார். நல்ல மனுஷன். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பதில்லை, டீ ஆறுவதற்குள் அவர் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

கேட்டிருந்தால் சனோபர் என்ன சொல்லியிருப்பாள்? குளிக்கும்போது ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் மூச்சு அடைத்துவிடுகிறது என்று சொல்லியிருப்பாள். தெருவில் தண்ணி லாரி வருகிற சத்தம் கேட்டால் மொட்டை மாடிக்கு ஓடுவதைச் சொல்லியிருப்பாள். சுனாமி அன்றைக்கு அவள் கடற்கரைப் பக்கமே போகவில்லை. ஒரு துளிகூட அவள் மேல் படவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு போய்க் கேட்டாள் அல்லவா, குழந்தை கையிலிருந்து எப்படி வழுக்கிப் போனது, புடவை முள்வேலியில் எப்படி மாட்டியது என்று? அதெல்லாம் அவளுக்கே நடந்த மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பகலெல்லாம், "கடல் இன்னொரு வாட்டி வராதுங்க, பயப்படாதீங்க" என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து நடுங்குவாள்.

"ஆபீஸ்ல சொல்லிடாதீங்கக்கா. பயப்படறவளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு அனுப்பிச்சிடுவாங்க" என்பாள்.

நான் சொல்லவில்லை.

அவள் இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் ஆராயி. அனுமந்தையில் மீன் விற்றவள். தண்ணீர் வந்த அன்று ஒரே மகளைப் பறிகொடுத்துவிட்டுத் தார் ஷீட் கொட்டகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்தான், அழுகை இல்லை, கோபம் இல்லை, பசி இல்லை. ஒரு நாள் எழுந்து நேராகக் கடலுக்குள் நடந்துபோனாள். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் இழுத்து வந்தார்கள். அதற்குப் பிறகு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அந்தக் கொட்டகையில் ஒரு மாத்திரைகூட மிச்சம் இருக்கக் கூடாது, தினமும் கையில் கொடுத்து விழுங்க வைத்துவிட்டு வர வேண்டும் என்று. ஆகவே சனோபர் தினமும் போனாள். குப்பத்துக்கான மாத்திரை எல்லாம் ஒரு நீலப் பையில் இருக்கும். பை கையை விட்டுப் போகக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. சனோபர் அதைக் குறுக்கே மாட்டிக்கொண்டால் டீ குடிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள்.

ஒரே ஒரு நேரத்தில் மட்டும் கழற்றுவாள். மதியம் லுஹர் தொழுகைக்கு. ஆராயியின் கொட்டகையில் ஒரு மூலையைப் பெருக்கிச் சுத்தமாக வைத்து, அங்கேதான் தொழுவாள். முதல் நாட்களில் ஆராயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் இவள் போகும்போது அந்த மூலை பெருக்கியிருந்தது. அன்றைக்கு சனோபர் என்னிடம் அதைச் சொன்ன அழகைப் பார்க்க வேண்டும், ஏதோ பிள்ளை பெற்றவள் மாதிரி!

அந்த ஆவணி மாதத்து மதியம் என்ன நடந்தது என்பதை முதலில் நான் இருந்த இடத்திலிருந்து சொல்கிறேன். உப்பளத்துப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று மேற்கே வானம் கறுத்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மழைதான் எமன். வாரி வைத்த உப்புக் குவியல் ஒரு மழைக்குத் தாங்காது. பாத்திக்குள் நின்றவர்கள் கையிலிருந்த பலகையைப் போட்டுவிட்டு, வரப்பு மேலே ரோட்டை நோக்கி ஓடி வந்தார்கள். ரோட்டோரக் குவியல்களுக்கு ஓலை போட்டு மூடத்தான் அந்த ஓட்டம். "ஓடு, ஓடு, வந்துருச்சு" என்று ஒருவரை ஒருவர் விரட்டுவார்கள். சின்ன வயதிலிருந்து நான் பார்த்த ஓட்டம்தான். சனோபரும் மரக்காணத்துக்காரி. அவள் கண்ணால் பார்த்திருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும்.

பார்த்தது அவள் இல்லை, கன்னியப்பன். அனுமந்தைக் குப்பத்து ஆள், டி.வி.எஸ். ஐம்பதில் மீன் கூடை கட்டி விற்பவன். தினமும் அந்த வழியாகப் போகிறவனுக்கு உப்பளத்து ஓட்டம் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் கடல் வந்த அந்த மார்கழியில் அவன் பின்னால் இதே மாதிரிதான் ஜனங்கள் ஓடி வந்தார்கள். அதைப் பார்த்த கண்ணுக்கு அப்புறம் வேறெதுவும் தெரியாது போலிருக்கிறது. என் கண்ணெதிரே வண்டியைத் திருப்பினான். கூடை அவிழ்ந்து மீன் ரோட்டில் கொட்டியது. "டேய் கன்னியப்பா, மழைடா!" என்று நான் கத்தியது அவன் காதில் விழவில்லை. குப்பத்துக்குள் நுழையும்போதே, "கடல் வருது" என்று அலறிக்கொண்டு போயிருக்கிறான்.

அந்த நேரம் சனோபர் பையைக் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, தொழுகைக்கு ஒளு செய்துகொண்டிருந்தாள். முகம் கழுவி, கடைசியாகக் காலில் தண்ணீர் ஊற்றும்போது சத்தம் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது அவளுக்கே சரியாக நினைவில்லை. ஈரக்காலோடு, செருப்பு இல்லாமல், மணலில் விழுந்து எழுந்து ஓடியிருக்கிறாள். ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு மினி லாரி ஜனங்களை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. யாரோ கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் நான் அவளைப் பார்த்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. காலில் முள் கிழித்த ரத்தம் மழையில் கரைந்து ஓடியது.

"ஏம்மா, ஒண்ணுமில்ல. உப்பு மூட ஓடுனாங்க. அத்தப் பாத்துட்டு கன்னியப்பன் கத்திட்டான்" என்றேன்.

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இடுப்பைத் தடவினாள், தோளைத் தடவினாள். அப்புறம் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பை."

"எந்தப் பை?"

"ஆராயிக்கா ஊட்லயே வுட்டுட்டேன்கா. முகாம் முடிஞ்சு நேத்துதானே குடுத்தாங்க? குப்பத்துக்கே ஒரு மாசத்து மாத்திரைக்கா."

ஒரு மாத்திரைகூட இருக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட கொட்டகையில் இப்போது ஒரு பையே தொங்குகிறது. ஊரே ஓடிவிட்டது. பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. சாக வேண்டும் என்று கடலுக்குள் நடந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பூத்துக்குப் போய் சாலமன் சாருக்குப் போன் போடப் போனேன். சனோபர் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்கா. வேலைய வுட்டுத் தூக்கிடுவாரு. நாமளே போயி எடுத்தாந்துடலாம்."

"உன் வேலை கெடக்குது. அந்தம்மா உசுரு?" என்று அதட்டினேன். அவள் கையை விட்டுவிட்டாள்.

சாலமன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "ரெண்டு பேரும் சேந்து போங்க. அவங்களத் தனியா அனுப்பாதீங்க. நான் உடனே வர்றேன்" என்றார். அவ்வளவுதான்.

எந்த ஆட்டோக்காரனும் கடல் பக்கம் வர மாட்டேன் என்றுவிட்டான். புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்தோம். சனோபர் என் மணிக்கட்டை விடவே இல்லை, நகம் பதிந்தது. உதடு ஏதோ ஓதிக்கொண்டே இருந்தது. எனக்கும் தைரியம் ஒன்றும் இல்லை. பஸ் ஜன்னல் வழியாகக் கடல் தெரியும் இடம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மழைதான் காரணம் என்று என் கண்ணால் பார்த்தவள் நான். அப்படியும் மூடிக்கொண்டேன்.

இறங்கிக் குப்பத்துக்குப் போகும் மணல் பாதையில் எதிரே ஆளே இல்லை. மழை விட்டிருந்தது. கதவு திறந்த வீடுகள், பாதியில் விட்ட சமையல், யாரோ கட்டி வைத்த ஆடு ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அலைச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. ஒவ்வொரு அலைக்கும் சனோபர் நின்றுவிடுவாள். நான் இழுப்பேன். நான் நின்றால் அவள் இழுப்பாள். இப்படித்தான் அந்தக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

உள்ளே ஆராயி இல்லை. தொழுகைக்கு விரித்த பாய் அப்படியே இருந்தது. சொம்பு கவிழ்ந்து கிடந்தது. வாசலில் சனோபரின் செருப்பு. ஆணியில் பை இல்லை.

"பையோட எங்கக்கா போயிருக்கும்?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் கண் கடல் பக்கம் திரும்பியது. நானும் அங்கேதான் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

தண்ணி லாரிச் சத்தத்துக்கு மாடிக்கு ஓடுகிறவள், தலையில் தண்ணீர் பட்டால் மூச்சு அடைக்கிறவள், அந்த சனோபர் என் கையை உதறிவிட்டுக் கடலை நோக்கி ஓடினாள். "ஆராயிக்கா! ஆராயிக்கா!" என்று கத்திக்கொண்டே ஈர மணலைத் தாண்டி, முழங்கால் அளவு தண்ணீரில் போய் நின்றாள். அலை வந்து இடுப்பில் அடித்தது. அவள் உடம்பெல்லாம் உதறியது எனக்குக் கரையிலிருந்தே தெரிந்தது. பல் கிட்டிப்போய்ப் பெயர்கூடச் சரியாக வரவில்லை. ஆனாலும் திரும்பி வரவில்லை. நான் ஈர மணலில் கால் வைக்க முடியாமல் நின்ற இடத்திலேயே நின்று, "வா, வந்துடு" என்று அழுதுகொண்டிருந்தேன்.

பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. கன்னியப்பன். முகம் வெளுத்துப் போயிருந்தது, அவமானமா, பயமா, தெரியவில்லை.

"ஆராயியத் தேடறீங்களா? அது ரோட்டாண்ட, முந்திரித் தோப்புல குந்திங்கீது" என்றான்.

எப்படித் தோப்புக்குப் போனோம் என்று கேட்காதீர்கள். ஊரே அங்கே இருந்தது. குழந்தைகள் அழுதுகொண்டும், ஆண்கள் கன்னியப்பனைத் திட்டிக்கொண்டும். வருகிற வழியில் நாங்கள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மரத்தடியில் ஆராயி உட்கார்ந்திருந்தாள். தொப்பலாக நனைந்திருந்தாள். மடியில் புடவைத் தலைப்பைப் பல சுற்றுச் சுற்றி எதையோ இறுக்கிப் பிடித்திருந்தாள். சனோபர் அவள் முன்னால் மண்டியிட்டு அந்தத் துணியைப் பிரித்தாள். பை. உள்ளே அட்டைகள் ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல், நனையாமல் இருந்தன.

"ஊரே மாத்திரைய நம்பிக் கெடக்குது, நீ இன்னாடான்னா வுட்டுட்டு ஓடற. நனைஞ்சிருந்தா இன்னா ஆவுறது?" என்றாள் ஆராயி. நான் அவள் இத்தனை வார்த்தை பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"மன்னிச்சிடுங்கக்கா. நான் உங்கள வுட்டுட்டு ஓடிட்டேன்" என்று சனோபர் தேம்பினாள்.

"நீ ஓடலன்னா நானு அங்கியே குந்திங்கிருப்பேன். கன்னியப்பன் கத்துனப்ப எனக்கு ஒண்ணும் தோணல. வந்தா வரட்டும்னு இருந்தேன். நீதான் கடல் வராது வராதுன்னு தெனம் சொல்லுவியே, நீயே செருப்ப வுட்டுட்டு ஓடறத்தப் பாத்தேன் பாரு, அப்பத்தான் எனக்கு பயம் வந்துச்சு. எத்தினி மாசமாச்சு எனக்கு பயம் வந்து! காலு தானா ஓடுது. பைய வேற வுட்டுட்டுப் போறாளேன்னு எடுத்துனு ஓடியாந்தேன்."

சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். மகள் போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். சனோபர் "அழாதீங்க" என்று சொல்லவில்லை. அவளும் சேர்ந்து அழுதாள். பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தார்களா என்றால் இல்லை.

சாலமன் சார் பைக்கை நிறுத்திவிட்டு நனைந்த சட்டையோடு ஓடி வந்தபோது, ஆராயி சனோபரின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆராயி சாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு தெனம் வந்து எனக்கு மாத்திரை குடுத்துட்டுப் போவுது. இதுக்கு யாரு சார் குடுக்கறது?"

சார் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீரைத்தான் துடைத்தார் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சனோபர் கூட்டத்துக்கு வர மாட்டேன் என்று அடம் பிடித்தாள். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். வேலை போகப் போகிறது என்று அவளுக்கு நிச்சயம். சார் வந்தார், உட்கார்ந்தார், வழக்கம்போல ஆட்களின் பெயரைச் சொல்லி விசாரிக்கவில்லை. டீயை ஓரமாக வைத்துவிட்டு, "எனக்கு இப்பல்லாம் பைக் ஓட்டறப்போ கை நடுங்குது. யார்கிட்டயும் சொல்லல" என்றார். அப்புறம் நான் ஈர மணலைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொருத்தியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அவர் அடுத்த ஊருக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு எங்களைத் தனித்தனியாக அனுப்புவதை நிறுத்தினார்கள், இரண்டிரண்டு பேராகப் போனோம். டாக்டர் வருகிற நாளில் கடைசியாக எங்களுக்கென்றும் நேரம் ஒதுக்கினார். சனோபர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து முதல் தடவையாகத் தண்ணீரைப் பற்றி அவரிடம் சொன்னபோது நான்தான் வெளியே காவல் இருந்தேன்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் சனோபரே சிரிப்பாள். இப்போதும் தண்ணி லாரி வந்தால் அவள் காது விறைக்கிறது. ஆனால் அனுமந்தைக்குப் போகிறாள். நானும் கூடப் போகிறேன். அவள் பையை ஆணியில் மாட்டாமல் ஆராயியிடம் கொடுத்துவிட்டுத் தொழப் போகிறாள். விதிப்படி தப்பு. சாலமன் சாருக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை. சனோபர் தொழுது முடித்ததும் ஆராயி அவளிடம் ஒரு மாத்திரையை வாங்கி எங்கள் கண்முன்னால் விழுங்குவாள். அப்புறம் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள்.

"நேத்து தூங்கினியா?"

சனோபர் உண்மையைச் சொல்கிற வரைக்கும் பையைத் தர மாட்டாள்.